டாட்டாம்மாவின் முகம்

மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தக் குழந்தைகள் காப்பகத்தைக் கடந்து போகிறவர்களுக்கு அவளைத் தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு குழந்தையையும் தாயின் இடுப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே நிற்பாள். "டாட்டா காட்டு, அம்மாவோட போறியா, டாட்டா காட்டு" என்று அவள் போடுகிற சத்தத்தில் எதிர்க்கடைக்காரரும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிடுவார். அப்படித்தான் அவளுக்கு டாட்டாம்மா என்று பெயர் வந்தது. பேச்சு வரத் தொடங்கிய குழந்தைகள் வைத்த பெயர். பிறகு தாய்மார்களுக்கும், காப்பகத்தின் முதலாளியம்மாவுக்கும், கடைசியில் அவளுடைய வீட்டுக்காரருக்கும்கூட அதுவே வாயில் நின்றுவிட்டது.

காப்பகம் ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை லேசாக அதிரும். அந்த அதிர்வில் தூங்கிப் பழகிய குழந்தைகள், அச்சகத்துக்கு விடுமுறை என்றால் அன்று கண்ணை மூடாது. நடக்கத் தெரியாத குழந்தைகளின் அறை டாட்டாம்மாவுடையது. சுவரோரம் மெத்தைகள், ஜன்னலடியில் பால்புட்டிகளைக் கவிழ்த்து வைத்த கம்பிக்கூடை, கதவுக்குப் பின்னால் எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு துண்டு. அங்கே வேலை கையால் பாதி, முகத்தால் பாதி. புட்டியைத் தள்ளிவிடும் குழந்தையிடம் அவள் கண்ணை உருட்டுவாள், கன்னத்தை உப்புவாள், புருவத்தை ஏற்றி இறக்குவாள். அது வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிற நேரத்தில் புட்டி உள்ளே போயிருக்கும்.

"உன் மூஞ்சிக்குத் தனியா சம்பளம் குடுக்கணும்டி" என்று முதலாளியம்மா சிரிப்பார்.

அவளுக்கு ஐம்பது வயதை ஒட்டி மூக்கில் வாசனை தெரியாமல் போனது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து புகை கூடம்வரை வந்த பிறகும் பக்கத்திலேயே நின்று புட்டி கழுவிக்கொண்டிருந்தாள். சளி என்றாள். சளி போகவில்லை. எந்தக் குழந்தைக்கு உடுப்பு மாற்ற வேண்டும் என்பதை அதன் பிறகு தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அப்புறம் வலது தோள் இறுகி வலித்தது. எலும்பு டாக்டர் ஒரு வருஷம் தைலமும் ஊசியுமாக ஓட்டினார். நடக்கும்போது அந்தக் கை வீசவில்லை. உடம்போடு ஒட்டிக்கொண்டே போனது. டாட்டா காட்டுவதை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

குழந்தைகள் மாறியது அதற்குப் பிறகுதான். மடியில் படுத்துக்கொண்டு முகத்தையே பார்க்கும் குழந்தை, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டது. இன்னொன்று உதட்டைப் பிதுக்கியது. அவள் எப்போதும்போலக் கண்ணை உருட்டினாள், கன்னத்தை உப்பினாள். அப்படித்தான் அவள் நினைத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. புதிதாக வேலைக்கு வந்த பெண் எட்டிப் பார்த்து "இங்க குடுங்கம்மா" என்று வாங்கிக்கொண்டதும் அழுகை நின்றது.

அந்தச் சமயத்தில் முதலாளியம்மா குழந்தைகளின் அறையில் ஒரு கேமரா வைத்திருந்தார். வேலைக்குப் போன தாய்மார்கள் தங்கள் போனிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாய் வந்து சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க மேடம். அந்தம்மா முன்னாடி மாதிரி இல்ல. என் பிள்ளைய மொறைச்சுப் பார்த்துட்டே உக்காந்திருக்காங்க. பார்க்கவே பயமா இருக்கு."

முதலாளியம்மா கெட்டவர் இல்லை. டாட்டாம்மாவைக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். "இல்லையே." "அப்புறம் ஏன் இப்படி உர்ருன்னு இருக்க?" "நான் நல்லாத்தானே இருக்கேன்?" அந்தப் பதிலும் உர்ரென்றுதான் வந்தது. அவளைப் பின்கட்டில் புட்டி கழுவப் போட்டார்கள். அங்கேயும் கை மெதுவாகிப் புட்டிகள் குவிந்தன. சில மாதங்களில், "கொஞ்ச நாள் ஓய்வெடு, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த 'அப்புறம்' வராது என்று அவளுக்கும் தெரியும்.

இனி வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டிடங்களின் லிஃப்டுகளில் பாதி அவர் கையால்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. குடியிருந்தது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். "ஊரையே தூக்கி விடறேன், என் பொண்டாட்டிய மட்டும் நடக்க விடறேன்" என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கடைசி இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

அவர் கணக்கு வேறு. கல்யாணமாகிப் பல வருஷங்கள் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அப்போது காப்பகத்தில் ஒரு கைக்குழந்தையின் தாய் இறந்துபோனாள். தகப்பன் ஏற்கெனவே இல்லை. இருந்த ஒரே பெரியப்பா, யாராவது முறைப்படி எடுத்து வளர்த்தால் சரி என்றார். டாட்டாம்மா அந்தக் குழந்தையை ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தாள். மெக்கானிக் வேண்டாம் என்றார். "நமக்குன்னு ஒண்ணு வரும்" என்றார். அவள் மறுபேச்சு பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவர்களுக்கென்று ஒன்றும் வரவில்லை. அந்தப் பேச்சையும் அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

அவள் முகம் கல்லாகத் தொடங்கியபோது அவர் நினைத்தது இதைத்தான். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது இப்போது வெளியே வருகிறது. அவர் சிரிப்பு மூட்டிப் பார்த்தார், அசையவில்லை. புதுச் சேலை வாங்கி வந்தார், ஏற இறங்கப் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்றாள், கணக்குக் கேட்கிற குரலில். முகம் கொடுத்துப் பேசாதவளிடம் தான் மட்டும் என்ன பேசுவது என்று அவரும் வாயை மூடிக்கொண்டார். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. ஏதாவது ஒரு லிஃப்டின் மோட்டார் அறையில் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டு வருவார்.

அவளை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனது தங்கைதான். பக்கத்துத் தெருவில் இருப்பவள். அக்கா ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல் திணறுவதைப் பார்த்துவிட்டு, மாமாவையும் வம்படியாக இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அவசரக்காரர். ஆனால் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தபோது அவசரப்படவில்லை. வராந்தாவில் போய்த் திரும்பி வரச் சொன்னார். திரும்புகிற இடத்தில் அவள் சின்னச் சின்ன அடியாக வைத்து, ஒரு கதவைப்போல மொத்தமாகத் திரும்பினாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட விரல்களுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே போய் ஒட்டிக்கொண்டது.

"வாசனை தெரியுதா?"

"இல்லைங்க. ரொம்ப நாளாவே."

"மலச்சிக்கல்?"

"அது அதுக்கும் முன்னாடியிலிருந்து."

டாக்டர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "தூக்கத்துல கையக் கால உதைப்பாங்களா?"

"ஒரு தடவை என்னைக் கட்டில்லேர்ந்தே தள்ளிட்டா சார். கோபத்துல செய்யறான்னு நெனச்சேன்."

"மூஞ்சி இப்படி ஆகி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷமா கோபமாத்தான் இருக்கா."

"இது கோபம் இல்லைங்க" என்றார் டாக்டர். "பார்க்கின்சன். நடுக்குவாதம்னு சொல்லுவாங்க."

"நடுக்கமே இல்லையே?" என்றாள் தங்கை.

"எல்லாருக்கும் நடுங்காதும்மா. சிலருக்கு இறுகித்தான் போகும். மூளைக்குள்ள டோபமைன்னு ஒண்ணு சுரக்குது. நாம நெனச்ச மாதிரி கை, கால், மூஞ்சி எல்லாம் அசையறதுக்கு அது வேணும். அது சுரக்கிற இடம் இவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுட்டு வருது. மாத்திரையால அந்தக் குறைய வெளியிலேர்ந்து நிரப்பலாம். அழியறதை நிறுத்தற மருந்து இன்னும் வரல."

தங்கை மருந்துக் கடை வரிசையில் நின்றாள். மற்ற இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் எண்ணெய்க்கறை படிந்த தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ உனக்கு என் மேல கோபம் இல்லையா?"

"எதுக்கு?"

"அந்தப் புள்ளைய நான் வேண்டாம்னு சொன்னதுக்கு."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"அந்தக் கோபம் இருக்கு. அது எங்க போகும்? ஆனா அதுக்காக நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கல. நீங்க உள்ள வர்றப்பல்லாம் நான் சிரிச்சேன். நீங்கதான் தலையத் திருப்பிக்கிட்டுப் போனீங்க. உள்ள சிரிக்கிறது வெளிய வரலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எத்தனையோ தடவை, இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு உள்ளேயிருந்து கத்துகிறவர்களை அவர் இறக்கிவிட்டிருக்கிறார். வீட்டுக்குள் ஒருத்தி அப்படிச் சிக்கி நின்று கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

மாத்திரை முதலில் குமட்டலைத்தான் கொடுத்தது. பிறகு மெல்ல மெல்ல வேலை செய்தது. சாப்பாட்டோடு போட்டால், அதிலும் பருப்பும் முட்டையும் உள்ள சாப்பாட்டோடு போட்டால், மாத்திரை போட்டதும் போடாததும் ஒன்றாகிவிடும் என்று தெரிந்துகொண்டார்கள். வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் தோள் இளகும், விரல் பிரியும். ஒருநாள் காலை அவள் புருவம் ஏறி இறங்கியது. மெக்கானிக் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

திரும்பி வந்த முகத்தில் சிரிப்பு மட்டுமா வந்தது, கோபமும் வந்தது. ஒரு வாரத்துக்குள் அவள் சண்டை பிடித்தாள். பதினெட்டு வருஷத்துச் சண்டை.

"அது இந்த எடத்துலதான் படுத்திருந்துச்சு. என் விரலப் பிடிச்சுட்டுத்தான் தூங்கும். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, வேண்டாம்னீங்க. எனக்கு வேணுமான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"தெரியலடி. பயமா இருந்துச்சு."

மாத்திரையின் வேகம் இருக்கிற வரைக்கும் திட்டுவாள். அது இறங்கியதும் வார்த்தைகள் குழைந்து, முகம் மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சண்டை முடிந்தது என்று சொல்ல முடியாது. சண்டை போடுகிற நேரம்தான் குறைந்தது. இரண்டாம் வருஷத்தில் மாத்திரையின் பலன் அடுத்த மாத்திரைவரை நிற்கவில்லை. நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் அவள் நாற்காலியில் போட்ட துணி மாதிரிக் கிடந்தாள்.

தங்கையால் அதைப் பார்க்க முடியவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மூலிகைக் கடையிலிருந்து ஒரு பொடி வாங்கி வந்தாள். பூனைக்காலி விதைப் பொடி. "செடியில வர்றதுதானேக்கா. கெமிக்கல் ஒண்ணும் இல்ல. மாமாகிட்ட இப்போ சொல்லாத, அவர் டாக்டரக் கேக்கணும்பார்." டாட்டாம்மா அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மாத்திரையையும் விடாமல், பொடியையும் வெந்நீரில் கரைத்துக் குடித்தாள்.

பொடி பொய்யில்லை. சில நாட்களில் பள்ளம் தூர்ந்தது. அவள் மூன்று மாடி இறங்கிக் கடைக்குப் போய்விட்டு வந்தாள். தங்கையைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். இரண்டு பேரும் சமையலறையில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நன்றாக இருக்கிறதே என்று அவள் ஒரு கரண்டியை இரண்டாக்கினாள்.

அதற்குப் பிறகு கழுத்து தன்பாட்டுக்கு நெளியத் தொடங்கியது. உட்கார்ந்திருக்கும்போதே தோளும் காலும் பாம்பாட்டம் ஆடின. இதுவும் வியாதியில் ஒரு கட்டம் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். ஒருநாள் மதியம் அவர் சாப்பிட வந்தபோது, கூடத்தில் வீட்டிலிருந்த பாய், போர்வை, மேஜை விரிப்பு எல்லாவற்றையும் வரிசையாக விரித்துப் போட்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா நடங்க. இப்பத்தான் தூங்குதுங்க."

"யாரு?"

"பாருங்க, அந்த மூலையில இருக்கறது தூங்காது. கட்டிலுக்கு அடியில போய்ப் போய் வருது." குனிந்து, யாரும் இல்லாத இடத்திலிருந்து எதையோ வாரி எடுத்து மார்பில் சாய்த்துக்கொண்டாள். தோள் ஒருபக்கம் நெளிந்துகொண்டிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவர் பார்த்த சிரிப்பு.

மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு, பாய்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து போய்த் தங்கைக்குப் போன் செய்தார். அவள் ஓடி வந்தாள். கூடத்தைப் பார்த்ததும் பொடியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நல்லது நெனச்சுத்தானே மாமா குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அவரும் அதே தவிப்பில்தான் இருந்தார். யாராவது மருந்து என்று மண்ணைக் கொடுத்திருந்தாலும் கரைத்துக் கொடுத்திருப்பார்.

மறுநாள் காலையிலேயே நரம்பு டாக்டரைப் பார்த்தார்கள். பொடி என்றதும் அவர் பேனாவை மூடினார். "அதை இன்னிக்கே விட்டுடுங்க. ஆனா மாத்திரைய மட்டும் நீங்களா பட்டுன்னு நிறுத்திடாதீங்க, அது இதவிட ஆபத்து." அளவைக் கொஞ்சம் மாற்றி, அடிக்கடி பிரித்துக் கொடுக்கும்படி செய்தார்.

தங்கைக்கு மனசு ஆறவில்லை. முறையாகப் படித்த ஒரு மூலிகை வைத்தியரிடம் போய், டப்பாவை மேஜைமேல் வைத்து, "இது விஷமா?" என்று கேட்டாள். வைத்தியர் நடுவயதுப் பெண். பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார்.

"விஷம் இல்லம்மா. மாத்திரையில இருக்கற சரக்குதான் இந்த விதையிலயும் இருக்கு. அதனாலதான் உங்க அக்கா எழுந்து நடந்தாங்க. மாத்திரையில எவ்வளவு இருக்குன்னு தெரியும். இந்தக் கரண்டியில எவ்வளவுன்னு கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது மேல இது ஏறினா என்ன ஆகும்?"

"மூலிகை ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

"ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்கு வாங்கறீங்க?" வைத்தியர் குரலில் சலிப்பு இருந்தது. இறுகிய தோளுக்குத் தேய்க்க ஓர் எண்ணெயும், மலச்சிக்கலுக்கு ஒரு மருந்தும் கொடுத்தார். அதையும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார். வியாதியைத் தீர்க்கிற சரக்கு தன்னிடம் இல்லை என்றும் சொன்னார். தங்கை அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாளோ என்னவோ, எண்ணெயையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

நெளிவு அடங்கியது. குழந்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகப் போனது கட்டிலுக்கு அடியில் இருந்த குழந்தை. டாட்டாம்மா பாய்களை மடிக்கவிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் நெஜம் இல்லம்மா. மருந்து பண்ணின வேலை" என்றார் மெக்கானிக்.

"தெரியும். அப்பவே தெரியும்" என்றாள். "இருந்தாலும் ஒண்ணுகூட சொல்லிட்டுப் போகல."

அதற்குப் பிறகு அவள் மாடி இறங்கவில்லை. வாசற்படியிலேயே கால் ஒட்டிக்கொள்ளும். மனசு தாண்டிவிடும், கால் தாண்டாது. ஒருநாள் அப்படி நின்று, உடம்பு மட்டும் முன்னால் போய், விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனார்கள். ஒரே அறை, சின்ன சமையலறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் வராது. தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அதைத் தாண்டுகிற மாதிரி கால் எழும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னாள். மெக்கானிக் மஞ்சள் டேப்பை வாங்கி வந்து, கட்டிலிலிருந்து குளியலறைவரை அளந்து ஒட்டினார். கோடுகள் கொஞ்ச காலம் உதவின. பிறகு அவர் கையும் தேவைப்பட்டது. பிறகு இரண்டு கைகள். அவர் வேலையை விட்டார்.

அவரைக் கேட்டால், முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்பார். கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

"கோபமா?"

"இல்ல. பசி."

"வலிக்குதா?"

"உங்க பேச்சுதான் வலிக்குது."

அந்த மாதிரி பதில்கள் இருக்கிற வரைக்கும் அவருக்குப் பொழுது போனது. அந்தக் குரலும் இப்போது தேய்ந்துகொண்டு வருகிறது. அவள் சாதாரணமாகப் பேசுவதாகத்தான் நினைக்கிறாள். எதிரில் இருப்பவர் காதில் மூச்சுதான் விழுகிறது. குரலுக்கும் பயிற்சி உண்டு என்றார்கள். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, முடிந்த மட்டும் சத்தமாக 'ஆ' என்று கத்த வேண்டும். தனியாகக் கத்த அவளுக்கு வெட்கம். அதனால் அவரும் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூடவே கத்துவார். முதல் நாள், புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொள்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இப்போது அந்தப் பக்கத்து வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை.

போன வாரம் ஒரு காலையில் இருவரும் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சுவரில் ஈரம் ஊறியிருந்தது. அவர் மூச்சை இழுத்து, "ஆ" என்று தொடங்கினார். அவள் வாய் திறந்தது, தொண்டை அசைந்தது. அவர் சத்தத்தில் அவள் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. தன் குரலைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் நிறுத்திவிட்டு, குனிந்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"இருக்கு" என்றார். "இருக்கு, இருக்கு. இன்னொரு தடவை."

அவள் இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள்.